வயர் வேண்டுமா, வேண்டாமா? கணினி மவுஸ் பற்றிய நாற்பதாண்டு வாதம்

கணினி மவுஸை வயருடன் வாங்குவதா, வயர் இல்லாமல் வாங்குவதா என்ற கேள்விக்குக் குறைந்தது நாற்பது ஆண்டு வயது. இதற்குள் பதில்கள் பலமுறை புரண்டுவிட்டன. தொண்ணூறுகளில் வயர்லெஸ் மவுஸ் என்றாலே மந்தமானது, பற்றரி தின்பது என்ற பேச்சு இருந்தது. இன்று கணினி விளையாட்டுப் போட்டிகளில் முன்னணியில் நிற்பவர்கள் பலர் வயர் இல்லாததைத்தான் கையில் எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் வயரை விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வெறும் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரு தரப்பும் ஒரே விடயத்தைப் பேசுவதில்லை என்பதுதான் இந்த வாதம் தீராமல் இழுபடுவதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. ஒருவர் வேகத்தைப் பேசும்போது மற்றவர் மேசை வசதியைப் பேசுகிறார். அலுவலகத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் பாதுகாப்பை நினைக்கிறார், மணிக்கட்டு வலிக்காரர் வலியை நினைக்கிறார். ஒவ்வொரு நிலைப்பாடும் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் தளர்கிறது என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும். அதை ரொறன்ரோவிலிருந்து தொடங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. திரையில் ஒரு குறியைக் கையால் நகர்த்தும் கருவியின் வரலாற்றிலும், அத்தகைய கருவிகளை அளந்து பார்த்த ஆய்விலும் இந்த நகரத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. இங்கே வாழும் தமிழர்களில் பலருக்கு அது தெரியாது.

ஏரியில் சோதித்த பந்து

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1949 இல், கனேடியக் கடற்படை டேட்டார் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பல போர்க்கப்பல்களின் ரேடார், சோனார் கருவிகள் காண்பதை ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு கப்பலிலும் ஒரே படமாகக் காட்டுவது அதன் நோக்கம். வேலையை ஏற்றது ரொறன்ரோவில் இயங்கிய ஃபெராண்டி கனடா நிறுவனம். ரேடார் திரையில் தெரியும் ஒரு புள்ளியைக் கணினிக்குச் சுட்டிக்காட்ட ஏதாவது வேண்டும். ரொம் கிரான்ஸ்டன், ஃபிரெட் லோங்ஸ்டாஃப், கென்யன் ரெயிலர் ஆகியோர் 1952 அளவில் அதற்காக ஒரு டிராக்போலைச் செய்தார்கள். கை வைத்து உருட்டுவதற்கு அவர்கள் எடுத்தது ஐந்து குற்றி வைத்து ஆடும் பௌலிங் விளையாட்டின் பந்து. விரல் துளை இல்லாமல் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியது. அந்த விளையாட்டும் ரொறன்ரோவில்தான், 1909 அளவில் ரொமி றயன் என்பவரால் உருவானது.

1953 இல் ஒன்ராறியோ ஏரியில் கப்பல்களை வைத்து டேட்டார் சோதிக்கப்பட்டது. அந்த அமைப்புக்குள்ளேயே நம் கேள்வியின் இரண்டு பதில்களும் இருந்தன. பந்துக்கும் கணினிக்கும் நடுவே வயர் ஓடியது. கப்பலுக்கும் கப்பலுக்கும் நடுவே தகவல் வானொலி அலையில் போனது. இடம் மாறாதவற்றை வயரால் கட்டலாம், மாறுபவற்றுக்கு அலை வேண்டும் என்ற எளிய பொறியியல் தீர்வு அது. அந்த அளவுகோல் இன்றைக்கும் பழசாகவில்லை.

டிராக்போலுக்கு இதைவிட முந்திய மூலம் பிரிட்டனில் உண்டு. அங்கே ரால்ஃப் பெஞ்சமின் 1946 இலேயே அத்தகைய ஒன்றை வடிவமைத்திருந்தார். இரண்டுமே இராணுவ இரகசியங்களாகக் கிடந்ததால் பொதுக் கணினி உலகத்துக்குள் அவை நேராக வரவில்லை. அங்கே வந்தது கலிபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் 1964 இல் செய்த மரப்பெட்டி மவுஸ். முதலில் அதன் வயர் மணிக்கட்டுப் பக்கமாக வெளியே வந்தது. கைக்கு இடைஞ்சலாக இருந்ததால் விரைவிலேயே முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். வயர் கையைத் தடுக்கிறது என்ற முறைப்பாடும் மவுஸும் ஏறத்தாழ ஒன்றாகவே பிறந்திருக்கின்றன.

வயரைக் கழற்றிய முதல் முயற்சிகள்

1984 இல் மெட்டஃபர் என்ற நிறுவனம் தன் கணினிகளுக்கு அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் வயர் இல்லாத மவுஸைக் கொடுத்தது. தொலைக்காட்சி ரிமோட்டைப் போலவே, இடையில் ஒரு கோப்பு நின்றாலும் கதிர் மறைந்துவிடும். 1991 இல் லொஜிடெக் வெளியிட்ட மவுஸ்மான் கோட்லெஸ் வானொலி அலைக்கு மாறியதால் அந்தக் குறை நீங்கியது.

1999 இல் மைக்ரோசொஃப்ட்டின் இன்ரெலிமவுஸ் எக்ஸ்புளோரர் போன்றவை வந்து, மவுஸின் அடியில் உருண்ட பந்தை ஒழித்தன. அடிப்பக்கத்தில் ஒரு விளக்கும் ஒரு சின்னஞ்சிறு கமராவும் மேசையை ஓயாமல் படம்பிடித்து அசைவைக் கணக்கிட்டன. வயர் வழியாக மின்சாரம் வரும் மவுஸுக்கு இது பெரிய செலவாகத் தெரியவில்லை. பற்றரியில் ஓடும் மவுஸுக்குப் பெரும் சுமையாயிற்று. வயர்லெஸ் பற்றரி தின்னும் என்ற பெயர் ஊன்றிப்போனது இந்தக் காலத்தில்தான். அன்றைக்கு அது உண்மையும்கூட. உணரிகள் மின்சிக்கனமாகிவிட்ட பிறகும் பெயர் மட்டும் நீடிக்கிறது.

தாமதம்: எண்கள் சொல்வது

வயரை ஆதரிப்போர் முதலில் எடுத்து வைப்பது தாமதத்தை. கை அசைந்த கணத்துக்கும் திரையில் குறி அசையும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரம் அது. இதை வெறும் உணர்வாக விட்டுவிடாமல் எண்ணாக்கிய ஆய்வு மரபு ஒன்று இருக்கிறது. போல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954 இல் ஒரு விதி வகுத்தார். இலக்கு சிறுக்கவும் விலகவும், கை அதைச் சென்றடையும் நேரம் எப்படி ஏறுகிறது என்பதை அது கணிக்கும். 1978 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் கார்ட், இங்கிலிஷ், பர் ஆகியோர் அந்த விதியைக் கொண்டு மவுஸை அளந்தார்கள்.

பிறகு இந்த மரபு ரொறன்ரோவில் வேரூன்றியது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பில் பக்ஸ்டன் உள்ளீட்டுக் கருவிகளை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றுப் பின்னர் யோர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் ஸ்கொட் மக்கென்சி. இவர்கள் இருவரும் அபிகெய்ல் செலனும் 1991 இல் மவுஸ், பேனா, டிராக்போல் மூன்றையும் ஒப்பிட்டார்கள். சுட்டுவதில் பேனா மவுஸை முந்தியது, இழுப்பதில் முந்தவில்லை. டிராக்போல் இரண்டிலும் மூன்றாவதாக வந்தது.

நம் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு, மக்கென்சியும் கொலின் வேரும் 1993 இல் வெளியிட்டது. குறியின் அசைவை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, மனிதர் எப்படித் தடுமாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். சோதித்ததில் மிகப் பெரிய தாமதமான 225 மில்லிசெக்கனில் இலக்கை அடையும் நேரம் 64 வீதமும் பிழைகள் 214 வீதமும் கூடின. அதைவிட முக்கியமானது இன்னொன்று: இலக்கு கடினமாகக் கடினமாகத் தாமதத்தின் கேடும் பெருகியது. இருபது ஆண்டு கழித்து, 2013 இல், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் டேனியல் விக்டரும் உடன் ஆய்வாளர்களும் தொடுதிரையில் பொருளை விரலால் இழுக்கச் செய்து பார்த்தபோதும் இதே போக்கு தெரிந்தது. சிறிய, தொலைவான இலக்குகளில்தான் தாமதம் கூடுதலாக வதைத்தது.

ஆகவே தாமதம் கெடுதி என்பதில் ஐயம் இல்லை. அது வயர்லெஸ்ஸுக்கு எதிரான சான்றாகுமா என்பது வேறு கேள்வி. சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் ஒன்று செக்கனுக்கு 125 தடவை தன் நிலையைக் கணினிக்குச் சொல்லும், அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. விளையாட்டு மவுஸ்கள் செக்கனுக்கு 1000 தடவை சொல்லும். தனி ரிசீவருடன் வரும் நல்ல 2.4 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் மவுஸ்களும் அந்த 1000 ஐ எட்டி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மறுபுறம், செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரை ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிசெக்கன் எடுத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் சாதாரணத் திரையின் முன் இருப்பவருக்கு, வயருக்கும் நல்ல வயர்லெஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடு ஒரு படம் மாறும் நேரத்துக்குள் அடங்கிப்போகிறது. 1993 இல் ஆளைத் தடுமாற வைத்த 225 மில்லிசெக்கனோடு இதை ஒப்பிடவே முடியாது. செக்கனுக்கு 8000 தடவை என்று விற்கப்படும் புதிய மவுஸ்களைப் பார்க்கும்போதும் இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் வயர்லெஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. தனி ரிசீவர் கொண்டது ஒன்று, புளூடூத்தில் இணைவது இன்னொன்று. இன்றைய மவுஸ்களில் வழக்கமான குறைமின் புளூடூத் இணைப்பில் இரண்டு தகவல்களுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளியாக நெடுங்காலம் நிலவியது 7.5 மில்லிசெக்கன். மின்சக்தியை மிச்சப்படுத்த அது அதற்கும் மேலே போகலாம். மின்னஞ்சலுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இது போதும். வேகமான விளையாட்டுக்கோ நுண்ணிய வரைபட வேலைக்கோ போதாமல் போகக்கூடும். வயர்லெஸ்ஸை ஏசுவோரும் புகழ்வோரும் பல நேரங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வயர்லெஸ் தரப்பின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் சொல்வது சராசரி வேகம். யோர்க் பல்கலைக்கழகத்தில் பவ்லோவிச், ஸ்டுயர்ஸ்லிங்கர் ஆகியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, நகரும் இலக்கைக் குறியால் பின்தொடரச் சொல்லி மூன்றைத் தனித்தனியே அளந்தது: தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், இடையிடையே தகவல் விடுபடுவது. தாமதம் 110 மில்லிசெக்கனைத் தாண்டும்போதும், ஏற்ற இறக்கம் 40 ஐத் தாண்டும்போதும், விடுபடுதல் 10 வீதத்தைத் தாண்டும்போதும் பிழைகள் விரைவாக ஏறின. பின்னைய இரண்டும் சீரான வயர் இணைப்பில் அரிதானவை. அலைவழி இணைப்புக்கு அவை கூடப்பிறந்தவை. நாளின் பெரும்பகுதி வயரைப் போலவே இயங்கும் மவுஸ், நெரிசலான ஒரு மாலை நேரத்தில் மட்டும் தடுமாறினால், சராசரிக் கணக்கில் அது தெரியவே தெரியாது. பயன்படுத்துபவரின் கைக்கு அது நன்றாகத் தெரியும்.

காற்றில் நெரிசல்

ரொறன்ரோவின் கொண்டோ கோபுரம் ஒன்றில் மடிக்கணினியைத் திறந்தால், சுற்றியுள்ள வீடுகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக இறங்கும். அவற்றில் பல, வயர்லெஸ் மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இருப்பவை. வட அமெரிக்காவில் அந்தப் பகுதியில் உள்ள 11 வைஃபை தடங்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. புளூடூத் தடத்துக்குத் தடம் தாவி நெரிசலைத் தவிர்க்க முயலும். தனி ரிசீவர் மவுஸ்கள் தம் நிறுவனத்தின் முறைப்படி ஏதோ ஒரு வழியில் சமாளிக்கும்.

ஆனால் பலர் அயல்வீட்டு வைஃபையைக் குறை சொல்லும் இடத்தில், குற்றவாளி சொந்தக் கணினியாகவே இருக்கலாம். யு.எஸ்.பி. 3.0 இணைப்பு இயங்கும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் மின்காந்த இரைச்சலைக் கக்குகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012 இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. காட்சி இப்படித்தான் இருக்கும்: மேசைக்குக் கீழே இரும்புப் பெட்டி, அதன் பின்புறத்தில் நீல நிறத் துவாரம், அதில் நகம் அளவு ரிசீவர், ஒட்டினாற்போல் அடுத்த துவாரத்தில் வெளி ஹார்ட் டிஸ்க். கோப்புகள் நகலாகத் தொடங்கியதும் குறி தத்தித் தத்திப் போகிறது. நகல் முடிந்ததும் ஒழுங்காகிவிடுகிறது. இதற்குப் புது மவுஸ் தேவையில்லை. சில டொலருக்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயரால் ரிசீவரை மேசைக்கு மேலே, மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பெரும்பாலும் போதும். வீட்டு வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும். வயர்லெஸ்ஸைப் பற்றிய கசப்பான அனுபவங்களில் எத்தனை இந்த வகை என்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கணிசமானவை என்று கருத இடமுண்டு.

ரிசீவர் திறந்த கதவாகும்போது

2016 பெப்ரவரியில் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் மவுஸ்ஜாக் என்ற பெயரில் ஒரு குறைபாட்டை வெளிப்படுத்தியது. பல நிறுவனங்களின் வயர்லெஸ் விசைப்பலகைகள் தம் தகவலை மறையாக்கம் செய்து அனுப்பின. மவுஸ்களோ அப்படிச் செய்யவில்லை. மவுஸின் அசைவை ஒட்டுக்கேட்டு என்ன கிடைக்கப்போகிறது என்ற எண்ணம் அதற்குக் காரணமாகியிருக்கலாம். ஆனால் மவுஸ் என்று பொய் சொல்லிக்கொண்டு, விசை அழுத்தங்களையே ரிசீவருக்குள் அனுப்ப முடிந்தது. வசதியான சூழ்நிலையில் ஏறத்தாழ 100 மீற்றர் தொலைவிலிருந்துகூட அது சாத்தியம் என்று அந்த ஆய்வாளர்கள் கூறினார்கள். லொஜிடெக், மைக்ரோசொஃப்ட், டெல், எச்.பி., லெனோவோ எனப் பெரிய பெயர்கள் பட்டியலில் இருந்தன.

சில நிறுவனங்கள் திருத்தங்களை வெளியிட்டன. லொஜிடெக் 2021 இல் அலுவலகங்களை நோக்கிப் போல்ட் என்ற புதிய, மறையாக்கம் கொண்ட இணைப்பைக் கொண்டுவந்தது. எனவே புதிய, நல்ல மவுஸ் வாங்குபவருக்கு இந்த ஆபத்து குறைவு என்று சொல்லலாம். ஆனால் பழைய ரிசீவர்கள் இன்னும் மேசை லாச்சிகளில் கிடக்கின்றன. அவற்றின் உள்மென்பொருளைப் புதுப்பிப்பவர் மிகச் சிலர். மருத்துவமனைகளிலும் குடும்ப மருத்துவர் அலுவலகங்களிலும் நோயாளர் விபரங்களைக் காப்பது ஒன்ராறியோவின் 2004 ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. வரிக்கணக்கு அலுவலகங்களும் பிறரது அந்தரங்க விபரங்களைக் கையாள்பவை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் நடத்தும் இத்தகைய அலுவலகங்கள் நிறையவே உண்டு. அங்கே கணினி இடம் மாறுவதில்லை. வயர் மவுஸால் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை, ஒரு கவலை குறைகிறது. இந்த இடத்தில் வயர் தரப்பின் வாதம் வலுவானது என்பதே என் மதிப்பீடு.

கையும் மணிக்கட்டும்

வயர் இழுபடுவதால் கை கூடுதலாகப் பாடுபடுகிறது என்பது வயர்லெஸ் தரப்பின் பழைய வாதம். வயர் மேசை விளிம்பில் சிக்கும்போது கை அதை இழுத்து விடுவிக்க வேண்டியிருப்பது உண்மைதான். வயர் தரப்போ பற்றரியின் பாரத்தைக் காட்டியது. ஏ.ஏ. அல்கலைன் பற்றரி ஒன்று மட்டும் சுமார் 23 கிராம். இந்தப் பதில் இப்போது தேய்ந்துவிட்டது. 2020 இல் வந்த லொஜிடெக்கின் விளையாட்டு வயர்லெஸ் மவுஸ் ஒன்று பற்றரியோடு சேர்த்தே 63 கிராமுக்கும் குறைவு.

வலியைப் பொறுத்தவரை இரு தரப்பும் அடக்கமாகப் பேசுவது நல்லது. கெயர், பாக், ரெம்பெல் ஆகியோர் 1999 இல் வெளியிட்ட ஆய்வு, மணிக்கட்டு நரம்புக் குழாயின் உள்ளழுத்தத்தையே அளந்தது. கையை மவுஸ் மேல் சும்மா வைத்திருப்பதைவிட, இழுக்கும்போதும் சுட்டும்போதும் அழுத்தம் உயர்ந்தது. மூன்று வகை மவுஸ் வடிவங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவால் வரும் காயங்களைப் பற்றிய விழிப்புணர்வு நாளைப் பெப்ரவரியின் கடைசி நாளில் கடைப்பிடிக்கும் வழக்கம் 2000 இல் கனடாவில்தான் தொடங்கியது. அதன் பின்னணியில் உள்ள அறிவும் இதையே சுட்டுகிறது: எத்தனை மணி நேரம், எந்த உயரத்தில், எத்தனை இடைவேளையோடு என்பவை வயர் இருக்கிறதா இல்லையா என்பதைவிட முந்தியவை.

பற்றரிக்குப் பிறகு

விலையும் வேகமும் பேசும் ஒப்பீடுகளில் அநேகமாக விடுபட்டுப்போவது இது. ஒன்ராறியோவில் 2020 ஜூலை 1 முதல் பற்றரிகளையும், 2021 ஜனவரி 1 முதல் கணினிச் சாதனங்கள் உள்ளிட்ட மின்னணுப் பொருட்களையும் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. ஆனால் பொருளை உரிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர் நாம்தான். ரொறன்ரோவின் நீலத் தொட்டியில் பற்றரி போடக்கூடாது. லிதியம் பற்றரி குப்பை வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.

கழற்றி மாற்றக்கூடிய பற்றரி உள்ள மவுஸும், உள்ளே ஒட்டி மூடிய லிதியம் பற்றரி உள்ள மவுஸும் இந்தக் கோணத்தில் ஒன்றல்ல. முன்னதில் மீள்மின்னேற்றும் பற்றரியைப் போட்டுக்கொண்டால் பல ஆண்டு ஓட்டலாம். பின்னதில் பற்றரி தளர்ந்தால் பொருளே போய்விடும். சிலவற்றை மின்னேற்றும்போது பயன்படுத்தவும் முடியாது: அப்பிளின் மேஜிக் மவுஸ் 2015 முதல் அடிவயிற்றில்தான் மின்னேற்றத் துவாரத்தை வைத்திருக்கிறது. வயர் மவுஸை இதற்காக அப்பழுக்கற்றது என்று சொல்லிவிட முடியாது. உடலுக்குள் வயர் நுழையும் இடத்தில் அது மடிந்து மடிந்து உள்ளே அறும். திறந்து ஒட்டத் தெரியாதவர் முழுவதையும் எறிவார். ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாகப் பதியும் பொத்தான் கோளாறு இரண்டு வகைக்கும் பொது.

இன்னும் தீராதவை

வேகம் பற்றிய பழைய வாதம், தனி ரிசீவர் மவுஸைப் பொறுத்தவரை, பெரும்பாலும் முடிந்துவிட்டதாகவே கொள்ளலாம். மடிக்கணினியோடு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அலைபவருக்கு வயர்லெஸ்ஸும், இடம் மாறாத, பலர் மாறி மாறி இருக்கும், இரகசியம் காக்கவேண்டிய மேசைக்கு வயரும் பொருத்தம் என்பது இப்போதைக்கு நியாயமான நிலைப்பாடு.

சீர்மை பற்றிய கேள்வி திறந்தே இருக்கிறது. உற்பத்தியாளர்கள் பெட்டியில் அச்சிடுவது செக்கனுக்கு எத்தனை தகவல் என்பதை. நெரிசலான கட்டடத்தில் எத்தனை விடுபடும் என்பதை அச்சிடுவதில்லை. யோர்க் ஆய்வு காட்டிய 10 வீத எல்லைக்கு ஒரு கொண்டோ வீட்டின் மவுஸ் எவ்வளவு அருகில் போகிறது என்பதை வாங்குபவர் கடையில் நின்று அறிய வழியில்லை. ஆய்வுகளில் பங்கேற்றோர் தொகையும் சிறியது. 1993 ஆய்வில் எட்டுப் பேர். பல ஆண்டு மவுஸ் பிடித்த கைகளில் வயரின் பங்கு என்ன என்பதை அத்தகைய குறுகிய சோதனைகளால் சொல்ல முடியாது.

பழுதுபார்க்கும் உரிமை இன்னொரு திறந்த விடயம். கனேடிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றிய சட்டத் திருத்தம், பழுதுபார்ப்பதற்காக மென்பொருள் பூட்டுகளைத் திறப்பதை அனுமதித்தது. உதிரிப்பாகம் விற்கவேண்டும் என்றோ, பற்றரியைக் கழற்றக்கூடியதாக வைக்கவேண்டும் என்றோ அது உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. மவுஸுக்குள் ஒட்டி மூடிய பற்றரியைத் தடுப்பது பூட்டல்ல, பசை. அந்தப் பசைக்கு ஒன்ராறியோவின் சேகரிப்பு விதிகளோ ஒட்டாவாவின் திருத்தமோ இன்னும் வழி சொல்லவில்லை.